2024 ஜூலையில் விண்டோஸ் மட்டும் ஏன் விழுந்தது? வழக்குப் போட்டால் யார் மேல்?

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் வைத்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸ் மோசம், அதனால் விழுந்தது என்பது சரியான பதில் இல்லை. அதே ஆண்டில் சில லினக்ஸ் சர்வர்களும் விண்டோஸைச் சாய்த்த அதே கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளால் விழுந்தன.

ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது அந்தப் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு சின்ன அப்டேட். மென்பொருள் கையில் 20 மதிப்புகள்தான் இருந்தன, புதிய கோப்போ 21ஆவதைக் கேட்டது. இல்லாத இடத்தில் போய்ப் படித்ததும், அந்த மென்பொருள் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இயங்குவதால், கணினியே நீலத் திரையோடு நின்றுவிட்டது. சாதாரண ஆப் என்றால் அது மட்டும் மூடியிருக்கும்.

2009இல் ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுத்த உறுதிமொழியால்தான் மற்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனங்களைக் கெர்னலுக்குள் விட வேண்டியிருக்கிறது என்றது மைக்ரோசாஃப்ட். எனக்கு இது பாதி உண்மையாகத்தான் படுகிறது. அந்த உறுதிமொழி கேட்டது சமமான வாய்ப்பை; எல்லோரையும் வெளியே நிறுத்துவதும் சமம்தானே, ஆப்பிள் அப்படித்தான் செய்தது.

சரிசெய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. பல இடங்களில் ஒவ்வொரு கணினி முன்னாலும் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் நிலையில்) திறந்து, 291 என்ற எண் கொண்ட கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதற்கு முன்னால் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களைப் பிழையில்லாமல் கையால் அடிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் வழக்கு. சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்த அமெரிக்க விமான நிறுவனமான டெல்டா, 50 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அக்டோபரில் ஜார்ஜியா மாநில நீதிமன்றத்துக்குப் போனது கிரவுட்ஸ்டிரைக் மேல்தான். ஒப்பந்தப்படி நஷ்ட ஈட்டுக்கு வரம்பு உண்டு என்பது எதிர்வாதம். ஆனாலும் கடும் கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டைத் தொடர்ந்து நடத்த 2025 மே மாதம் நீதிபதி அனுமதித்தார்.