அண்ணனும் தம்பியும் சேர்ந்து வீடு வாங்கும்போது: ஜாயின்ட் டெனன்ட்ஸா, டெனன்ட்ஸ் இன் காமனா?

தம்பி, நீங்களும் அண்ணனும் சேர்ந்து லண்டன் ஹாரோவில் 4,50,000 பவுண்டுக்கு வீடு பார்த்திருக்கிறீர்கள். முன்பணத்தில் அண்ணன் 60,000, நீங்கள் 15,000. மாதத் தவணை ஆளுக்குப் பாதி. வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வக்கீலான சொலிசிட்டர் அனுப்பிய தாளில் ஜாயின்ட் டெனன்ட்ஸா, டெனன்ட்ஸ் இன் காமனா என்று கேட்டிருக்கிறார்கள். ஏஜென்ட் முதலாவதையே போடச் சொல்கிறார். எதை டிக் செய்வது என்பது உங்கள் கேள்வி. உங்கள் நிலைமைக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

டெனன்ட் என்றதும் வாடகை நினைவுக்கு வரும். இங்கே வாடகைப் பேச்சே இல்லை, எதைத் தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் இருவரும் உரிமையாளர்கள்தான். லாப நோக்கமில்லாத வீட்டு நிறுவனமான ஹவுசிங் அசோசியேஷனிடம் ஒரு பங்கை வாங்கி, மீதிக்கு வாடகை கட்டும் ஷேர்டு ஓனர்ஷிப் திட்டம் முற்றிலும் வேறு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்றால் முழு வீடும் இருவருக்கும் சேர்த்துச் சொந்தம். உன் பங்கு, என் பங்கு என்று எதுவும் கிடையாது. ஒருவர் இறந்தால் வீடு தானாகவே மற்றவருக்குப் போய்விடும். இறந்தவர் உயிலில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் இந்த வீட்டைப் பொறுத்தவரை அது செல்லாது. டெனன்ட்ஸ் இன் காமன் என்றால் ஆளாளுக்குப் பங்கு உண்டு. அது பாதிப்பாதியாக இருக்கலாம், எழுபதுக்கு முப்பதாகவும் இருக்கலாம். இறந்தவரின் பங்கு அவர் உயிலில் சொன்னவருக்குப் போகும். உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டப்படி போகும்.

நம் ஊரில் கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி பெயர் இருந்தால், அண்ணன் போனபின் அவர் பங்கு அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அதே நினைப்பில் இங்கே ஜாயின்ட் என்று டிக் செய்துவிடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான். உங்கள் அண்ணனுக்கு மனைவியும் குழந்தையும் இருக்கிறார்கள். அவருக்கு ஏதாவது ஆனால், அவர் போட்ட 60,000 உட்பட வீடு முழுவதும் உங்கள் பெயருக்கு வந்துவிடும். அண்ணி உங்கள் நல்ல மனதை நம்பி நிற்க வேண்டியதுதான். நீங்கள் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நிலையில் அண்ணியை நிறுத்தவே கூடாது. நானும் என் மனைவியும் ஜாயின்ட் டெனன்ட்ஸ்தான். பிள்ளைகள் எங்கள் இருவருக்கும் பொது என்பதால் எங்களுக்கு அது பொருந்துகிறது. அண்ணன் தம்பிக்கும் நண்பர்களுக்கும் அது பெரும்பாலும் பொருந்தாது.

இது பதிவாகும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும் டிஆர் 1 படிவத்தில் பத்தாவது கட்டம். அதில் மூன்று பெட்டிகள்: ஜாயின்ட் டெனன்ட்ஸ், சம பங்குள்ள டெனன்ட்ஸ் இன் காமன், மூன்றாவதில் உங்கள் ஏற்பாட்டை எழுத வெற்றிடம். உங்களுக்கு வேண்டியது அந்த மூன்றாவது பெட்டி. அதில் 'தனிப் பத்திரத்தில் உள்ளபடி' என்று குறிப்பிட்டுவிட்டு, யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் டிக்லரேஷன் ஆஃப் டிரஸ்ட் என்ற பத்திரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் சொத்துகளைப் பதியும் அரசு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் பதிவேட்டில் ஃபார்ம் ஏ என்ற கட்டுப்பாடு ஏறும். ஒருவர் இறந்தபின் மற்றவர் தனியாளாக வீட்டை விற்றுப் பணம் வாங்கிவிட முடியாதபடி அது தடுக்கும்.

பத்திரம் என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். சில வருடம் கழித்து வீட்டை விற்று, கடனும் செலவும் போக 1,40,000 மிஞ்சுகிறது என்று வையுங்கள். ஜாயின்ட் என்றால் ஆளுக்கு 70,000. 'முன்பணத்தை முதலில் அவரவருக்குத் திருப்பிவிட்டு, மிச்சத்தைப் பாதியாகப் பிரி' என்று பத்திரத்தில் இருந்தால் 65,000 மட்டுமே பங்காகும். அண்ணனுக்கு 92,500, உங்களுக்கு 47,500. ஒருவர் விற்கச் சொல்லி மற்றவர் மறுத்தால் என்ன, எத்தனை மாத அவகாசம், விலையை யார் மதிப்பிடுவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் இப்படிச் சேர்ந்து வைத்திருக்கும் சொத்து பற்றிய 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதில் பணமும் போகும், உறவும் போகும்.

வங்கிக்கு இந்தப் பங்குக் கணக்கெல்லாம் கிடையாது. அண்ணன் தவணை கட்டாவிட்டால் முழுத் தவணையையும் உங்களிடமே கேட்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். ஊரில் உங்கள் இருவரில் யார் பெயரிலாவது வீடோ ஃபிளாட்டோ இருக்கிறதா? இருவருமே உலகில் எங்கும் வீடு வைத்திருந்ததில்லை என்றால், முதல் வீட்டுச் சலுகையில் உங்கள் ஸ்டாம்ப் டியூட்டி 7,500 பவுண்டு. உங்களில் ஒரே ஒருவருக்குச் சென்னையில் 40,000 பவுண்டோ அதற்கு மேலோ பெறுமான ஃபிளாட் இருந்தாலும் சலுகை போய்விடும், மொத்த விலைக்கு 5 சதவீதம் கூடுதல் வரியும் சேரும். சலுகையில்லாத சாதாரண வரியோடு சேர்த்து மொத்தம் 35,000. வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் வரும் என்பது தெரியாமல் கடைசி வாரத்தில் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். சொலிசிட்டரிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே ஜாயின்ட் என்று கொடுத்துவிட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். வாங்கிய பிறகும் ஒருவர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து அதை டெனன்ட்ஸ் இன் காமனாக மாற்றலாம், மற்றவர் சம்மதம் தேவையில்லை. ஆனால் பங்கு அப்போது பாதிப்பாதியாகவே பிரியும், அண்ணனின் கூடுதல் முன்பணம் கணக்கில் வராது. அதனால் இப்போதே சரி செய்வதுதான் நல்லது.

பத்திரத்தோடு இருவரும் உயிலும் எழுதிவிடுங்கள். உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, உயில் இல்லாவிட்டால் உங்கள் பங்கு முதலில் அம்மா அப்பாவுக்குப் போகும். அதுதான் உங்கள் விருப்பமா என்று யோசியுங்கள். இருவரின் நலனும் ஒன்றல்ல என்பதால் அண்ணனுக்கு வேறொரு சொலிசிட்டரைப் பார்க்கும்படி உங்கள் சொலிசிட்டர் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இங்கே அது வழக்கம்தான். அதற்கு முன் ஒரு மாலை அண்ணியையும் உட்காரவைத்து மூவரும் இந்தக் கணக்கைப் பேசிவிடுங்கள்.