கடல் தண்ணீர் ஆதியிலிருந்தே இப்படித்தான் கரித்ததா?

கரித்தது என்னவோ உண்மை. ஆனால் இதே தண்ணீர் இல்லை.

எங்கள் வீடு சாமித்தோப்புப் பக்கம். பாட்டா புத்தளம் உப்பளத்தில் உப்பு வாரியவர். பாத்தியில் கடல் தண்ணீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படியாது. முதலில் கொஞ்சம் சுண்ணாம்பு, அப்புறம் ஜிப்சம், அதற்குப் பிறகுதான் உப்பு. கடைசியில் மிஞ்சும் தண்ணீர் மக்னீசியத்தால் கசக்கும். சின்ன வயதில் அதை விரலால் தொட்டு நக்கிவிட்டுத் துப்பிக்கொண்டே ஓடியிருக்கிறேன். "கொதி தீந்துதா மக்ளே?" என்றார் பாட்டா. கொதி என்றால் எங்கள் பக்கத்தில் ஆசை.

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் தண்ணீரை அதே பாத்தியில் பாய்ச்சினாலும் உப்பு விளையும். மிஞ்சுவதுதான் வேறு. அன்றைக்குக் கால்சியம் இப்போதைப் போல இரண்டு மூன்று மடங்கு; மக்னீசியமும் சல்பேட்டும் குறைவு. இன்று ஒரு கால்சியம் அணுவுக்கு ஐந்து மக்னீசியம் அணு, அன்று கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. நடுக்கடல் மலைத்தொடர்களில் சூடான பாறைக்குள் புகுந்து வரும் தண்ணீர் மக்னீசியத்தைக் கொடுத்துவிட்டுக் கால்சியத்தை வாங்கி வருகிறது. அப்போது கடலடி வேகமாக விரிந்ததால் இந்தக் கொடுக்கல் வாங்கலும் அதிகம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

இதெல்லாம் எப்படித் தெரியும்? கல்லுப்பைக் காய்ந்த சட்டியில் போட்டால் படபடவென்று தெறிக்குமே, பரலுக்குள் அடைபட்ட தண்ணீர்த் துளி வெடிப்பதுதான் அது. பூமிக்கடியில் கிடக்கும் பழைய உப்புப் படிவுகளிலும் அப்படித் துளிகள் உண்டு. அன்றைய கடல், வற்றிச் சுண்டிய நிலையில் அப்படியே உள்ளே இருக்கிறது. அதைத்தான் அளக்கிறார்கள்.

ஆறுகள் கொண்டுவந்து கொட்டுவதால் கடலில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. ஜான் ஜோலி என்ற அயர்லாந்து அறிவியலாளர் 1899இல் அப்படிக் கணக்குப் போட்டு, கடலின் வயது சுமார் 9 கோடி ஆண்டு என்றார். பூமிக்கோ 454 கோடி! வரவை எழுதியவர் செலவைச் சரியாக எழுதவில்லை. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் பெருமளவு வற்றியபோது, சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கனமாக உப்பு அடியில் தங்கிவிட்டது. அது செலவுதானே?

இன்னும் பின்னால் போனால் கதையே வேறு. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் சேரும்வரை கடலில் இரும்பு கரைந்து கிடந்தது. அது படிந்து உருவான தாதுதான் சேலம் கஞ்சமலையில் இருக்கும் வகை. அந்தத் தண்ணீரைப் பாட்டாவின் பாத்திக்குக் கொண்டு வந்திருந்தால், நம் காற்றுப் பட்டதுமே துருவேறிச் சிவந்திருக்கும்.