மவுஸை விட மனமில்லையா?

கேள்வி: எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசையமைக்கும் மென்பொருளில் எல்லாமே மவுஸால்தான் செய்கிறேன். குறுக்குவிசைகள் மனதில் நிற்பதில்லை. என்ன வழி?
– வாசகர், கல்லடி

பதில்: தம்பி, பட்டியலை மனப்பாடம் செய்யப் போகாதீர்கள். நானும் ஒருமுறை அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன், பல்லிதான் படித்தது. முதல் வாரம் நாலு போதும். எஃப்5 அழுத்தினால் பிளேலிஸ்ட் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் இடம்), எஃப்6 சேனல் ராக் (வாத்தியங்களின் வரிசை), எஃப்7 பியானோ ரோல் (சுரங்களை எழுதும் இடம்), எஃப்9 மிக்ஸர் (ஒலி அளவைச் சரிசெய்யும் இடம்) திறக்கும். மடிக்கணினியில் இவற்றை அழுத்தினால் சத்தமோ வெளிச்சமோ கூடிக் குறைகிறதா? எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடியுங்கள்.

அப்புறம் கன்ட்ரோல் பி (Ctrl+B). வடமோடிக் கூத்துக்கு அடித்த மத்தளத் துண்டு ஒன்றைப் பிளேலிஸ்டில் தேர்ந்து இதை அழுத்தினேன்; அடுத்தாற்போலவே அதன் நகல் வந்து உட்கார்ந்தது. எட்டுத் தடவை தட்டினேன், தாளம் ஓடத் தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த விசையை விரல் தானாகவே தேடுகிறது.