ப்ளீச்சோடு எதைச் சேர்க்கக் கூடாது? வீட்டுத் துப்புரவுப் பொருட்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: டாய்லெட் மஞ்சள் கறை போகவில்லை என்று கிளீனரை ஊற்றி, அதன் மேலேயே ப்ளீச்சையும் ஊற்றினேன். பொங்கி நுரைத்தது, கண் எரிந்தது, இருமல் நிற்கவே இல்லை. இரண்டுமே சுத்தம் செய்கிற பொருள்தானே, சேர்ந்தால் என்ன ஆகிறது?

பதில்: நீங்கள் சுவாசித்தது குளோரின் வாயு. ப்ளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். வீட்டு பாட்டில்களில் பெரும்பாலும் 3 முதல் 6 சதவீதம் இருக்கும். காரத்தன்மை இருக்கும்வரைதான் அது அடங்கிக் கிடக்கும். டாய்லெட் கிளீனர் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அமிலம் பட்டதும் காரம் முறிந்து குளோரின் கிளம்பிவிடும். அது காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தரையாகத் தங்கும். குனிந்து தேய்க்கிறவர் முகம் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும்.

பத்து லட்சம் பங்கு காற்றில் 1 முதல் 3 பங்கு குளோரின் இருந்தாலே கண், மூக்கு எரியும். 30 பங்கைத் தொட்டால் நெஞ்சு வலி, மூச்சுத்திணறல். ஜன்னல் சாத்திய சின்னக் குளியலறையில் அளவு ஏறுவதற்கு நேரம் பிடிக்காது.

இப்படி நடந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். ஃபிளஷ் செய்துவிட்டு வரலாம் என்று ஒரு நொடிகூட நிற்க வேண்டாம். வரும் வழியில் கதவைத் திறந்து விட்டால் போதும். துணியில் தெறித்திருந்தால் கழற்றிவிட்டு உடம்பைக் கழுவுங்கள். இருமல் அடங்கிவிட்டது என்பதற்காக விஷயம் முடிந்ததாக எண்ண வேண்டாம். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம். 24 மணி நேரம் கவனியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், மூச்சில் விசில் சத்தம் கேட்கிறவர்கள் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: அப்படியானால் அந்தக் கறைக்கு என்னதான் செய்வது?

பதில்: அது பெரும்பாலும் தண்ணீரின் உப்பும் சிறுநீரின் உப்பும் சேர்ந்து படிந்த அடை. அதைக் கரைப்பது அமிலம் மட்டும்தான். ப்ளீச் அதை வெளுப்பாக்கிக் காட்டும், அடை அப்படியே இருக்கும். சில நாளில் மறுபடி மஞ்சளாகும். கிளீனரை மட்டும் ஊற்றி, லேபிளில் சொன்ன நேரம் ஊறவிட்டு, தேய்த்து, இரண்டு முறை ஃபிளஷ் செய்யுங்கள். ப்ளீச் வேண்டுமென்றால் வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வினிகர், சமையல் சோடா மாதிரி 'இயற்கை' பொருட்களைக் கலந்தால் ஆபத்தில்லையே?

பதில்: அவை இரண்டையும் கலந்தால் ஆபத்து குறைவு, பயனும் குறைவு. நுரைத்து முடித்ததும் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். மூடிய பாட்டிலில் கலந்தால் வாயு அழுத்தத்தில் வெடிக்கும், அவ்வளவுதான்.

ஆனால் வினிகரும் அமிலம்தான். ப்ளீச்சோடு சேர்ந்தால் அதே குளோரின். வினிகரை ஹைட்ரஜன் பெராக்சைடோடு ஒரே பாட்டிலில் கலந்தால் பெராசெட்டிக் அமிலம் உண்டாகும். கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். ப்ளீச்சில் அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பட்டால் குளோரமைன் வாயு. சிறுநீரிலும் அம்மோனியா உண்டு, ஆகவே நாள்பட்ட டயப்பர் வாளியிலோ பூனையின் கழிவுத் தட்டிலோ ப்ளீச்சை நேரடியாக ஊற்ற வேண்டாம். சானிடைசர், ஸ்பிரிட் போன்ற ஆல்கஹாலோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் வரைக்கும் போகும். ப்ளீச்சுக்குத் தண்ணீரைத் தவிர வேறு துணை கிடையாது.

கேள்வி: எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு ப்ளீச்? கண் அளவாகத்தான் ஊற்றுகிறேன், வாசனை தூக்கலாக இருந்தால் நன்றாகச் சுத்தமாகும் என்று நம்பிக்கை.

பதில்: வாசனை தூக்கலாக இருந்தால் உங்கள் மூச்சுக்குழாய்க்குக் கூடுதல் வேலை, கிருமிக்கு அல்ல. கணக்கு எளிது: பாட்டிலின் சதவீதத்தை உங்களுக்கு வேண்டிய சதவீதத்தால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள். வருவதுதான் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு வேண்டிய தண்ணீர்ப் பங்கு.

தரை, கைப்பிடி போன்றவற்றுக்கு 0.1 சதவீதம் போதும். 5 சதவீத ப்ளீச் என்றால் 20 மி.லி. எடுத்து, மொத்தம் 1 லிட்டர் வரும்வரை தண்ணீர். இரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம், அதாவது 100 மி.லி. ப்ளீச்சோடு 900 மி.லி. தண்ணீர். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்து, அதை நன்றாக அலசிவிட்ட பிறகுதான் ப்ளீச். அழுக்கு இருந்தால் ப்ளீச் அதிலேயே செலவாகிவிடும். 10 நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். போட்டதும் துடைத்தால் பலனில்லை. பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் வேண்டாம்: சூட்டில் சீக்கிரம் சிதையும், நெடியும் ஏறும். கலந்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள். ஸ்பிரே செய்யாமல் துணியில் நனைத்துத் துடையுங்கள்.

கேள்வி: காய்கறியை இதே தண்ணீரில் கழுவலாமா?

பதில்: கூடாது. 2020 மே மாதம் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 502 பேரிடம் எடுத்த ஆய்வில் 19 சதவீதத்தினர் உணவுப் பொருள் மீது ப்ளீச் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். அதனால் இந்தக் கேள்வி வியப்பில்லை. ஓடும் தண்ணீரும் கை தேய்ப்பும் போதும்.

கேள்வி: குழந்தை அடைப்பு நீக்கியை வாயில் வைத்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அதிலுள்ள காஸ்டிக் சோடா உணவுக்குழாயின் சுவரைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். வாந்தி எடுத்தால் அதே குழாய் இரண்டாம் தடவை வேகும், மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ கொடுத்துக் காரத்தை முறிப்பதும் தவறு. முறியும்போது சூடு கிளம்பும்.

வாயில் ஒட்டியிருப்பதை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். துப்பத் தெரிந்த பிள்ளை என்றால் கொப்பளிக்க விடுங்கள். நல்ல நினைவோடு, எச்சில் ஒழுகாமல், விழுங்க முடிகிறதென்றால் ஓரிரு மடக்குத் தண்ணீர், அதற்கு மேல் இல்லை. விஷத் தகவல் மையத்தையோ அவசர எண்ணையோ அழைத்துவிட்டு, பாட்டிலோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாயில் புண் தெரியவில்லை என்று நிம்மதியடைய வேண்டாம். உதடு சுத்தமாக இருந்தும் உணவுக்குழாய் வெந்திருக்கலாம்.

மண்ணெண்ணெய் கலந்த பாலிஷ் வகைகளில் பயம் வேறு: புரையேறி நுரையீரலுக்குள் சில துளி போனாலே நிமோனியா. அதற்கும் வாந்தி கூடாது.

கேள்வி: சிங்க் அடைப்புக்கு காஸ்டிக் சோடா போட்டேன், போகவில்லை. ஆசிட் ஊற்றவா?

பதில்: ஊற்றாதீர்கள். தேங்கி நிற்கும் காரத்தில் அமிலம் விழுந்தால் கொதித்து முகத்துக்கே தெறிக்கும். ரப்பர் பம்பால் அழுத்துவதும் அதே காரணத்தால் கூடாது. பிளம்பரை அழையுங்கள், வந்ததும் உள்ளே என்ன கிடக்கிறது என்று அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், பைப்பைக் கழற்றுவது அவர் கைதான். இனி கரைக்க நேர்ந்தால் தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது: பாத்திரம் அரிக்கும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வரும்.

கேள்வி: கண்ணில் தெறித்தால்?

பதில்: குழாயடியில் நின்று 20 நிமிடம், கடிகாரம் பார்த்து, இமையை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் அடுத்த கண்ணுக்கும் வழியும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவும்போதே எடுத்துவிடுங்கள். சொட்டு மருந்து தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். காரம் பட்டிருந்தால் எரிச்சல் அடங்கினாலும் கண் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

கேள்வி: மாஸ்க் போட்டுக்கொண்டால் நெடி தாக்காதுதானே?

பதில்: துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க், என்95 எதுவுமே வாயுவைத் தடுக்காது. ஜன்னலைத் திறப்பது மேல்.

கேள்வி: ஆஸ்துமா இருக்கிறது. ஸ்பிரே வகைகளை நிறுத்த வேண்டுமா?

பதில்: நிறுத்தினால் நல்லது. ஸ்பிரேயின் நுண்துளிகள் மூச்சோடு உள்ளே போகும்; துணியில் ஊற்றினால் அது குறையும். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு 6,000-க்கும் மேற்பட்டவர்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. வீட்டைச் சுத்தம் செய்யும் பெண்களின் நுரையீரல் திறன், செய்யாதவர்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை. சுத்தம் செய்த ஆண்களே ஆய்வில் குறைவு.

கேள்வி: பச்சைக் குழந்தையின் துணி அலமாரியில் பாச்சை உருண்டை வைக்கலாமா?

பதில்: நாப்தலின் உருண்டை என்றால் வைக்காதீர்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு நாப்தலின் ஆவியே சிவப்பணுக்களை உடைக்கப் போதும். ஓரிரு நாள் கழித்து மஞ்சள் காமாலை, கருத்த சிறுநீர் என்று வெளிப்படும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிவதில்லை.

கேள்வி: மிச்சமிருந்த ப்ளீச்சை தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். பாட்டில் உப்பியிருக்கிறது.

பதில்: ப்ளீச் சிதையும்போது மெல்ல வாயு விடும், அதனால்தான் சில கம்பெனி மூடிகளிலேயே காற்றுப்போக்கி வைத்திருப்பார்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, முகத்தை விலக்கி, மூடியைத் துளித்துளியாகத் திருகுங்கள். பிறகு குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரோடு சாக்கடைத் துளையில் ஊற்றுங்கள். அதே துளையில் அன்று வேறு எந்தக் கிளீனரும் போயிருக்கக் கூடாது. காலி பாட்டிலை நசுக்கி எறிந்துவிடுங்கள். கழுவி வைத்தால் யாராவது அதில் தண்ணீர் பிடிப்பார்கள்.