மூன்று கிளப்புகள், நான்கு கோப்பைகள், தவறிய பெனால்டிகள்

ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை மூன்று வெவ்வேறு கிளப்புகளுக்காக வென்ற ஒரே வீரர், நெதர்லாந்தின் நடுக்கள ஆட்டக்காரர் கிளாரன்ஸ் சீடோர்ஃப் என்று சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கே: அந்த மூன்று கிளப்புகள் எவை? எந்த வரிசையில் ஆடினார்?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

ப: நெதர்லாந்தின் அயாக்ஸ், ஸ்பெயினின் ரியல் மாட்ரிட், இத்தாலியின் ஏ.சி. மிலான் ஆகியவை அந்த மூன்று, இதே வரிசையில். சீடோர்ஃப் 1976 ஏப்ரல் 1 அன்று தென் அமெரிக்காவிலுள்ள சூரினாமின் தலைநகர் பரமாரிபோவில் பிறந்தார். நெதர்லாந்திடமிருந்து அந்த நாடு விடுதலை பெற்று அப்போது நான்கு மாதங்களே ஆகியிருந்தன. அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. அயாக்ஸின் இளையோர் அணிகளில் வளர்ந்து, 1992இல் 16 வயதிலேயே முதல் அணியில் இறங்கினார். 1995இல் வியன்னாவில் நடந்த இறுதிப் போட்டியில் அயாக்ஸ் 1-0 என்று மிலானை வென்றபோது அவருக்கு வயது 19.

பிறகு இத்தாலியின் சாம்ப்டோரியாவில் ஒரு பருவம் ஆடிவிட்டு, 1996இல் ரியல் மாட்ரிட் சென்றார். 1998இல் யுவென்டஸை 1-0 என்று வென்று மாட்ரிட் கோப்பையைப் பெற்ற இறுதிப் போட்டி ஆம்ஸ்டர்டாமில், அதுவும் அயாக்ஸின் சொந்த மைதானத்திலேயே நடந்தது. தம்மை வளர்த்த கிளப்பின் வீட்டிலேயே வேறொரு சட்டை அணிந்து வென்றவர் அவர். அடுத்து மிலான் நகரின் இன்டர் கிளப்புக்குச் சென்று, அங்கிருந்து 2002இல் அதே நகரின், அதே சான் சீரோ மைதானத்தைப் பகிர்ந்துகொள்ளும் போட்டிக் கிளப்பான ஏ.சி. மிலானுக்கு மாறினார். 2003, 2007 ஆகிய இரண்டு கோப்பைகளும் அங்கே கிடைத்தன. முதல் கோப்பையை எந்த அணியைத் தோற்கடித்துப் பெற்றாரோ, அதே அணிக்காக ஆடிக் கடைசி இரண்டையும் பெற்றார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கே: ஏ.சி. மிலானுக்காக 432 ஆட்டங்களில் 62 கோல்கள்தாமே அடித்திருக்கிறார்? இதை எப்படிப் பெரிய சாதனை என்கிறீர்கள்?
– கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

ப: கணக்கைச் சரியாக எடுத்திருக்கிறீர்கள், ஆனால் நடுக்கள ஆட்டக்காரரை எடை போடும் தராசு இதுவன்று. நம் ஊர் மைதானங்களில் மாலை நேரத்தில் அணி பிரிக்கும்போது, வேகமாக ஓடுபவரை முன்னால் நிறுத்துகிறோம், உயரமானவரைக் கோல் கம்பத்துக்கு அனுப்புகிறோம், மிஞ்சியவர்களை நடுவில் விடுகிறோம். பந்து யாரிடம் இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த நடுவில்தான் முடிவாகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மிலானின் நடுக்களத்தில் மையத்தில் நின்று பந்தைப் பங்கிட்டவர் பிர்லோ. வலப்புறம் ஓயாமல் ஓடி எதிரணியின் காலிலிருந்து பந்தைப் பறித்தவர் கட்டூசோ. இடப்புறம் நின்ற சீடோர்ஃபோ இந்த இரண்டு வேலைகளையும் தேவைக்கேற்பச் செய்தவர். எதிராளி முதுகில் இடித்துக்கொண்டு நிற்கும்போது, தம் உடலைப் பந்துக்கும் அவனுக்கும் நடுவே சுவர்போல் வைத்துக்கொண்டு, சக வீரர்கள் இடம்பிடிக்கும் வரை பந்தைக் காத்து நின்று, பிறகு இரண்டு கால்களில் எதனாலும் அனுப்பக்கூடியவர் அவர். மிலானின் தாக்குதல் ஆட்டக்காரர் காகா முன்னோக்கிப் பாய்ந்த வேளைகளில், அவர் விட்டுச் சென்ற வெற்றிடத்தைக் காத்ததும் பெரும்பாலும் இவரே. இவற்றில் எதுவும் மறுநாள் செய்தித்தாளின் கோல் பட்டியலில் வராது.

கோலே அடிக்கத் தெரியாதவர் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2007 மே மாதம், கொட்டும் மழையில் சான் சீரோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை வாய்ப்பிருந்தால் பாருங்கள். முதல் ஆட்டத்தில் 3-2 என்று மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றிருந்த மிலான், அன்று 3-0 என்று வென்றது. காகா முதல் கோலை அடித்தார். இரண்டாவது கோல் சீடோர்ஃபுடையது. அதன் பிறகு எதிரணி மீளவே இல்லை.

கே: குறுவட்டப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நான் அடித்த பெனால்டி வெளியே போய்விட்டது. பள்ளி தோற்றது. அணியிலிருந்து விலகிவிடலாமா என்று இருக்கிறேன். இவ்வளவு வென்ற சீடோர்ஃப் பெனால்டியைத் தவறவிட்டதுண்டா?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், பென்னாகரம்

ப: உண்டு, தம்பி. 1996 ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சுக்கு எதிரான ஆட்டம் கோலின்றி முடிந்து, இரு அணிகளும் மாறி மாறிப் பெனால்டி உதைத்து முடிவு காணும் ஷூட்-அவுட்டுக்குச் சென்றது. இரு அணிகளிலும் தவறியது ஒரே ஒரு உதைதான், அது சீடோர்ஃபுடையது. நெதர்லாந்து 5-4 என்று தோற்று வெளியேறியது. அப்போது அவருக்கு வயது 20. மறு ஆண்டே உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் துருக்கியுடன் ஆடியபோது கிடைத்த பெனால்டியையும் தவறவிட்டார். அந்த ஆட்டம் 1-0 என்று துருக்கிக்குப் போனது. நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்தடுத்து இரண்டு முறை இப்படி நடந்தால் எவ்வளவு வலிக்கும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2003இல் மான்செஸ்டரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி மீண்டும் ஷூட்-அவுட்டுக்குச் சென்றபோது, மிலானின் இரண்டாவது உதையை அடிக்கச் சென்றவர் சீடோர்ஃப். அதையும் யுவென்டஸ் கோல்கீப்பர் புஃபோன் தடுத்துவிட்டார். ஆனால் அன்று மிலானின் கோல்கீப்பர் டீடா மூன்று உதைகளைத் தடுத்தார், கடைசியாக ஷெவ்சென்கோ பந்தை வலைக்குள் அனுப்பினார், 3-2 என்று மிலான் வென்றது. தவறவிட்டவருக்கும் தடுத்தவருக்கும் ஒரே மாதிரி பதக்கம்தான் கொடுத்தார்கள். உங்கள் பள்ளி அணியில் அன்று எத்தனை பேர் ஆடினார்களோ அத்தனை பேருடையதுதான் அந்தத் தோல்வி. உங்களுக்கு மட்டும் உரியதென்று நீங்கள் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. விலகும் முடிவை எடுக்குமுன் உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள். அடுத்த ஆண்டும் நீங்கள் ஆடலாமே.

கே: நாட்டு அணிக்காக எவ்வளவு ஆடினார்? பிறகு என்ன ஆனார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு

ப: நெதர்லாந்துக்காக 87 ஆட்டங்கள், 11 கோல்கள். 1998 உலகக் கோப்பையில் நான்காம் இடம் பெற்ற அணியில் இருந்தார். 2002இல் நெதர்லாந்து தகுதியே பெறவில்லை. 2006 அணிக்குப் பயிற்சியாளர் வான் பாஸ்டன் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஒரே ஒரு உலகக் கோப்பையோடு நிற்க நேர்ந்தது. எனக்கு இது இன்றும் மனக்குறைதான்.

2012இல் பிரேசிலின் பொட்டாஃபோகோ கிளப்புக்குச் சென்று, மறு ஆண்டு ரியோ மாநிலச் சாம்பியன் பட்டத்தை வென்றார். 2014 ஜனவரியில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, உடனே மிலானின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். ஆறு மாதங்கள்கூட முழுதாக முடியுமுன் அப்பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர், 2007இல் ஏதென்ஸ் இறுதிப் போட்டியில் மிலானுக்காக இரண்டு கோல்களையும் அடித்த பழைய சக வீரர் ஃபிலிப்போ இன்சாகி.