வயலட் எவர்கார்டன்: நடுவில் வரும் படத்தைத் தாண்டிப் போகலாமா?

கேள்வி: வயலட் எவர்கார்டன் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரை முடித்துவிட்டேன். 2019-ல் வந்த கிளைக்கதைப் படத்தைப் பார்க்க வேண்டுமா, நேராக 2020 படத்துக்குப் போய்விடலாமா? ரசிகர்களிடம் காசு பார்க்க எடுத்ததுதானே அது?

பாருங்கள். கடைசியில் பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்து பாருங்கள்.

எதைப் பார்க்கலாம், எதை விடலாம் என்று யாராவது உங்களுக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருப்பார்கள். அதில் இந்தப் படத்துக்கு நேரே 'நேரம் இருந்தால்' என்று போட்டிருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். கதையைத் தொடர இந்தப் படம் தேவையில்லை என்பது உண்மைதான், மறுக்கவில்லை. போரில் வயலட்டுக்கு மேலதிகாரியாக இருந்த மேஜர் கில்பர்ட் என்ன ஆனார் என்ற தவிப்பில் இருக்கிறீர்கள் என்றால் இதில் அதற்கு விடை கிடையாது. ரசிகர்களுக்காக எடுத்த படம் என்பதும் சரிதான். அதனாலேயே அது மட்டமாகிவிடுமா?

தொடரின் 13 எபிசோடுகளிலும், போர்ச் சிப்பாயாக இருந்து பிறகு மற்றவர்களுக்காகக் கடிதம் எழுதித் தரும் வயலட்டுக்குப் பக்கத்திலேயே நாம் இருந்தோம். இந்தப் படத்தில் அவளை இன்னொரு பெண்ணின் கண் வழியாகப் பார்க்கிறோம். இசபெல்லா யார்க் என்று ஒரு பணக்கார வீட்டு வாரிசு. பெரிய இடத்துப் பெண்களுக்கான பள்ளியில் அடைபட்டுக் கிடக்கிறாள். அவளுக்கு நடை உடை பாவனை கற்றுக்கொடுக்க மூன்று மாதத்துக்கு வயலட் வருகிறாள். இவளும் சொகுசில் வளர்ந்தவள்தான் என்று நினைத்து இசபெல்லாவுக்கு முதலில் அவளைக் கண்டாலே எரிச்சல். போரில் இழந்த கைகளுக்குப் பதிலாக வயலட்டுக்குப் பொருத்திய இரும்புக் கைகளைப் பார்த்த பிறகுதான் மனசு மாறுகிறது. தொடரைப் பார்த்த நமக்கு அந்தக் கைகளின் கதை தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த இடம் ரசிகனுக்குத்தான் முழுசாகப் புரியும். தொடர் பார்க்காதவர்களும் பார்க்கலாம் என்பார்கள். பார்க்கலாம், ஆனால் பாதிதான் கிடைக்கும்.

(இனி கதையின் முக்கியமான பகுதி வருகிறது. சொல்லிவிட்டான் என்று திட்டுபவர்கள் இரண்டு பத்தி தள்ளிப் போய்விடுங்கள்.)

இசபெல்லாவின் சொந்தப் பெயர் ஏமி. சேரியில் வறுமையில் வளர்ந்தவள். நாதியற்றுக் கிடந்த டெய்லர் என்ற குழந்தையைத் தங்கையாக எடுத்து வளர்த்தாள். அவளைப் பெற்ற யார்க் வீட்டுத் தகப்பன் தேடி வந்தபோது, அந்தக் குழந்தை பசியில்லாமல் வளர்ந்தால் போதும் என்று தன் பெயரையும் பழைய வாழ்க்கையையும் கொடுத்துவிடுகிறாள். டெய்லர் அனாதை இல்லத்துக்குப் போகிறாள். அங்கே தபால்காரன் பெனடிக்ட் ஒரு கடிதம் கொண்டுவருகிறான். அவளுக்குப் படிக்கத் தெரியாததால் அவனே படித்துக் காட்டுகிறான். தனிமையாக இருக்கும்போது 'ஏமி' என்று என் பெயரைச் சொல், அது உன்னைக் காக்கும் மந்திரம் என்று அக்கா எழுதியிருப்பாள். கொடுத்துவிட்ட பெயர் அந்தக் குழந்தையிடம் மட்டும் உயிரோடு இருக்கிறது. தொடரில் ஓரமாக வந்து போன பெனடிக்ட் இதில் எவ்வளவு பெரிய ஆளாகிறான் என்பதை நீங்களே பாருங்கள்.

பின்பாதியில் டெய்லர் பின்னல் போடப் பழகும் இடம் ஒன்று உண்டு. இரண்டு இழையாகப் பின்னினால் அவிழ்ந்துவிடும், மூன்றாகப் பிரித்துப் பின்னினால் நிற்கும் என்று வயலட் காட்டுகிறாள். அக்கா, தங்கை, வயலட் மூவரையும் ஒரு வசனமும் இல்லாமல் அந்தப் பின்னலிலேயே கட்டிவிட்டார்கள்.

எனக்கு அந்தக் காட்சி வேறு காரணத்துக்காகவும் நெருக்கம். நான் சென்னையில் ஒரு விஎஃப்எக்ஸ் நிறுவனத்தில் ரோட்டோ வேலை பார்த்தவன். நடிகையின் முடி காற்றில் பறக்கும் ஷாட் வந்தால் அதன் ஓரத்தைப் புள்ளி புள்ளியாகப் பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்து எடுக்க வேண்டும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். முடி எப்படி விழும், எங்கே பிரியும் என்பது எங்களுக்கு மனப்பாடம். அதையே கையால் வரைந்து, இழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது எடை தெரியும்படி செய்திருக்கிறார்கள் என்றால், அந்த உழைப்பை என்னால் உட்கார்ந்து எண்ணிப் பார்க்க முடிகிறது.

நான் வேலை பார்த்த ஒரு பெரிய படம் வெளியானபோது அப்பா தன் நண்பர்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தார். படம் முடிந்து விளக்கைப் போட்டுவிட்டார்கள், பின் வரிசையில் பெருக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா மட்டும் போனைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நின்றார், என் பெயர் வந்ததும் படம் எடுக்க. எங்கள் நிறுவனத்தின் பெயர் வந்தது, மேலாளர்கள் பெயர் வந்தது, அதோடு சரி. "பேரு எழுதிக் கொடுத்தியாப்பா?" என்று கேட்டார். ஏதோ மனு கொடுக்க மறந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். எங்கள் துறையில் இது சாதாரணம். ராத்திரி பகலாக உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு அங்குல இடம் திரையில் கிடையாது. கேட்டால் 'இடமில்லை' என்பார்கள்.

இந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலை நான் அப்படித்தான் பார்த்தேன். 2019 ஜூலை 18 அன்று கியோட்டோவின் ஃபுஷிமி பகுதியில் இருந்த, இந்தப் படத்தை எடுத்த கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தின் முதல் ஸ்டுடியோவுக்குள் ஒருவன் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தான். 36 பேர் இறந்தார்கள். ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் படம் முதலில் திரையிடப்பட்டது, செப்டம்பர் 6 அன்று ஜப்பானில் வெளியானது. வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகாதவர்களின் பெயரை அங்கே வழக்கமாகப் போடுவதில்லை. இயக்குநர் ஹருகா ஃபுஜிதாவின் இந்தப் படத்தில் புதியவர்கள், இறந்தவர்கள் என்று வேலை செய்த அத்தனை பேரையும் போட்டார்கள். அந்த நிறுவனமே 1981-ல் யோகோ ஹட்டா என்ற பெண்மணி அக்கம்பக்கத்துக் குடும்பப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களின் படங்களுக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்து வளர்த்த இடம். பெயர் வராத வேலை என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

அனுதாபத்துக்காகப் பார்க்கச் சொல்கிறாயா என்று யாராவது கேட்கலாம். இல்லை. அந்தத் தீயைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பார்த்தாலும் இது நல்ல படம். 90 நிமிடத்தில் இரண்டு பாதி, இரண்டும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கின்றன. பின்பாதி கொஞ்சம் மெதுவாகப் போகிறது என்று சொல்பவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன். 'ஃபில்லர்', அதாவது சும்மா இடத்தை நிரப்ப எடுத்தது என்று சொல்பவர்களோடு வருவேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த ஓடிடி தளத்தில், பெயர்கள் ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே திரை ஒரு மூலைக்குச் சுருங்கி, அடுத்து இதைப் பாருங்கள் என்று வேறொரு படத்தின் விளம்பரம் பெரிதாக வந்துவிட்டது. ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் பாதிப் பெயர்கள் போய்விட்டன. படத்துக்குப் பணம் கட்டிப் பார்ப்பவனிடம், அதைச் செய்தவர்களின் பெயரைப் படிக்காதே என்று சொல்ல இவர்கள் யார்?

அதனால் அடுத்தது தானாக ஓடுவதை அமைப்புகளில் முதலிலேயே அணைத்துவிடுங்கள். 2018-ல் தனியாக வந்த சிறப்பு எபிசோடைப் பார்க்கவில்லை என்றால் அதையும் பார்த்துவிடுங்கள், 4, 5 எபிசோடுகளுக்கு நடுவில் நடக்கும் கதை அது. அப்புறம் இந்தப் படம். 2020 படம் 140 நிமிடம் ஓடும், அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ராத்திரியில் இரண்டையும் பார்க்க வேண்டாம்.