பதில்: அம்மாவோட தள்ளுவண்டியை எடுக்கச் சொல்றாங்க, டெல்லி வரைக்கும் போகணுமா?

டெல்லி சுப்ரீம் கோர்ட் எல்லாம் வேணாம் தம்பி, கடலூருக்கு நம்ம சென்னை ஹைகோர்ட்டே போதும், அரசியல் சட்டம் 226-வது பிரிவுல அங்கயே ரிட், அதாவது அதிகாரிங்களுக்கு உத்தரவு போடச் சொல்லி கேக்குற மனு, போடலாம். திருப்பாதிரிப்புலியூர்ல இத்தனை வருஷமா இட்லி வண்டி போடுற அம்மாவை வாய்வார்த்தையா வந்து நாளைக்கே காலி பண்ணுன்னு மிரட்டுனாங்கன்னு நீ எழுதுனதை படிச்சதும் வயிறு எரிஞ்சுது.

2014 தெருவோர வியாபாரிகள் சட்டம்னு ஒன்னு இருக்கு. வியாபாரிங்களை கணக்கெடுக்குற சர்வே முடிஞ்சு, வியாபாரம் பண்ண சர்டிபிகேட் கொடுக்குற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, சர்டிபிகேட் இருந்தா 30 நாள் நோட்டீஸ் தரணும். அதனால மொதல்ல அம்மா பேர்ல மாநகராட்சி கமிஷனருக்கு ஒரு மனு எழுதி ஸ்பீட் போஸ்ட்ல டெலிவரி அத்தாட்சியோட அனுப்பு, அந்த அத்தாட்சி, பழைய ரசீது, வண்டி போட்டோ எல்லாம் பத்திரம், ஏன்னா ஜட்ஜ் கேக்குற மொத கேள்வியே அதிகாரிகிட்ட கேட்டீங்களாங்குறதுதான். எங்க பெரியப்பா பூக்கடைக்கு அப்படித்தான், மனுவை பரிசீலிச்சு முடிவு சொல்ற வரைக்கும் கடையை தொடாதேன்னு கோர்ட் ஆர்டர் வந்துச்சு.

ஒன்னு சொல்லிடறேன், அதே இடம் நிரந்தரமா கிடைக்கும்னு நம்பிக்கிட்டு போகாத. 1985-ல பம்பாய் நடைபாதைவாசிங்க கேஸ்ல சுப்ரீம் கோர்ட் பிழைப்பும் உயிர்வாழும் உரிமைதான்னு சொல்லுச்சு, ஆனா அகற்றவே கூடாதுன்னு சொல்லல.

வக்கீல் ஃபீஸுக்கு பயப்படாத. பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு போன் பண்ணு, இல்லன்னா கடலூர் கோர்ட்ல சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல அம்மாவையே கூட்டிட்டு போய் கேளு. மிரட்டி நீட்டுற எந்த பேப்பர்லயும் அம்மா கையெழுத்து போட வேணாம்.